135 பவுண் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டிகைக் காலம் நெருங்கினால் நம்மவர் பத்திரிகைகளில் சென்னை, கொழும்புக் கடைகளின் "உலகமெங்கும் வீடு தேடி வரும்" விளம்பரங்கள் நிறைகின்றன. இரண்டு மூன்று கிழமை கழித்துப் பொதி வராமல் வரி கட்டச் சொல்லும் சாம்பல் நிற அட்டை ஒன்று மட்டும் கதவிடுக்கால் விழுகிறது. "சேலைக்குக் கொடுத்த காசில் கால்வாசியை வரியாகப் பிடுங்கிவிட்டார்கள்" என்ற பேச்சும் தொடங்குகிறது. பிரித்தானியாவின் இறக்குமதி வரி அப்படியொன்றும் மர்மமானதல்ல. எந்த ஓடருக்கு எவ்வளவு வரும் என்பதைக் காசு கட்டுவதற்கு முன்பே ஒரு தாளில் கணக்குப் போட்டுவிடலாம். கணக்குப் பிழைப்பது பெரும்பாலும் வரியால் அல்ல. அந்த வரியை யார் அறவிடுகிறார் என்பதாலும், பொதியில் ஒட்டிய சின்னப் படிவத்தில் ஊரில் இருப்பவர் என்ன எழுதினார் என்பதாலும்தான். (வட அயர்லாந்துக்கு விதிகள் சில இடங்களில் வேறு. இங்கே எழுதுவது இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸுக்கு.)

2020 டிசம்பர் வரை 15 பவுணுக்கு உட்பட்ட சிறு பொதிகளுக்கு வற் எனப்படும் பெறுமதி சேர் வரி இருக்கவில்லை. 2021 ஜனவரி 1 முதல் அந்தச் சலுகை போய்விட்டது. இப்போது கோடு 135 பவுணில் நிற்கிறது. பொதியில் உள்ள பொருட்களின் மொத்தப் பெறுமதி 135 பவுண் அல்லது அதற்குக் கீழே என்றால் சுங்கத் தீர்வை இல்லை. வற் மட்டும்தான், அதையும் விற்பவரே ஓடர் போடும்போது அறவிட்டு இங்குள்ள வரித் திணைக்களமான எச்.எம்.ஆர்.சி.க்குக் கட்ட வேண்டும். அமேசான், ஈபே, எட்சி போன்ற இணையச் சந்தை வழியாக வாங்கினால் அந்தப் பொறுப்பு சந்தையினுடையது. 135ஐத் தாண்டினால் கதை வேறு: தீர்வை, அதன்மேல் வற், இரண்டும் எல்லையில் கணக்கிடப்படும். அதைப் பொதி கொண்டுவருபவர் உங்களிடம் வாங்கிக் கட்டுவார், அப்படி வாங்கிக் கட்டியதற்குத் தன் கூலியையும் சேர்த்துக்கொள்வார்.

இந்த 135 எதை அளக்கிறது என்பதில்தான் முதல் தடுமாற்றம். அது பொருளின் விலை மட்டும். அனுப்பும் செலவும் காப்புறுதியும் பற்றுச்சீட்டில் தனியாகக் காட்டப்பட்டிருந்தால் அதில் சேராது. "டெலிவரி இலவசம்" என்று சொல்லி அந்தச் செலவை விலைக்குள் புதைத்து வைத்திருந்தால் முழுத் தொகையும் பொருளின் விலையாகிவிடும். ஆகவே 125 பவுண் பொருள், 18 பவுண் தபால் என்று பிரித்துக் காட்டும் கடை, "143 பவுண், தபால் இலவசம்" என்று சொல்லும் கடையைவிட உங்களுக்கு மலிவு. இலவசம் என்ற சொல் இந்த இடத்தில் காசைக் கூட்டுகிறது.

கணக்கைக் கிட்டத்தில் பார்ப்போம். தைத்த சல்வார் ஒன்று 130 பவுண், தபால் 20 பவுண். விற்பவர் இங்கு வற் பதிவு செய்தவர். 150க்கு 20 வீதம் வற் 30 பவுண். மொத்தம் 180, அதோடு முடிந்தது. இப்போது அதே கடையில் 150 பவுண் சல்வாரை எடுத்தீர்கள் என்று வையுங்கள், தபால் அதே 20. கோட்டைத் தாண்டிவிட்டது. தாண்டிய 15 பவுணுக்கு மட்டும்தான் தீர்வை என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி அல்ல. தபாலையும் சேர்த்த முழு 170க்கும் உடுப்புக்கான 12 வீதத் தீர்வை, அதாவது 20.40. பிறகு 190.40க்கு 20 வீத வற் 38.08. இங்குள்ள தபால் சேவையான றோயல் மெயில் கொண்டுவந்தால் அதன் கையாளும் கட்டணம் 8 பவுண். எல்லாம் கூட்டினால் 236.48. பொருளின் விலை 20 பவுண்தான் கூடியது, கையிலிருந்து போனது 56.48 பவுண் அதிகம். 136க்கும் 170க்கும் இடைப்பட்ட விலையில் ஒரு உடுப்பை வாங்குவது போல நட்டமான வேலை இந்த விதிகளுக்குள் வேறில்லை. ஒன்று கோட்டுக்குக் கீழே நில்லுங்கள், இல்லையென்றால் தீர்வையைத் தெரிந்தே கட்டும் பெரிய ஓடராகப் போடுங்கள்.

கோட்டுக்குக் கீழே நிற்கும்போதும் சரியாக 134.99இல் நிற்கக் கூடாது. சுங்கம் பயன்படுத்தும் நாணய மாற்று வீதம் உங்கள் வங்கி அட்டையின் வீதம் அல்ல. எச்.எம்.ஆர்.சி. மாதத்துக்கு ஒன்றாக அறிவிக்கும் வீதம் அது. ஒரு பவுண் 115 இந்திய ரூபாய் என்று வைத்தால் 135 பவுண் 15,525 ரூபாய். 15,500 ரூபாய்க்கு ஓடர் போட்டு, பொதி வந்து சேரும் மாதத்தில் வீதம் 114 ஆகியிருந்தால் அதே பொருள் 135.96 பவுண். 15,000 ரூபாயில் நிறுத்துபவருக்கு இந்தத் தலையிடி இல்லை. ரூபாயில் வாங்கும்போது வங்கி அட்டை வெளிநாட்டுக் கட்டணமாகச் சுமார் 3 வீதம் எடுக்கிறதா என்றும் ஒருதரம் பாருங்கள். எடுக்காத அட்டைகளும் உண்டு. கடை இணையத்தளமே "பவுணில் கட்டலாம்" என்று சொன்னால் பெரும்பாலும் அதன் வீதம் வங்கியினதைவிட மோசமாகவே இருக்கும்.

அடுத்த பொறி, சேர்த்து அனுப்புவது. இரண்டு தனி ஓடர்கள், ஒவ்வொன்றும் 80 பவுண், இரண்டுக்கும் கடையே வற் அறவிட்டுவிட்டது. "தபால் செலவு மிச்சம்" என்று கடைக்காரர் இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு அனுப்புகிறார். எல்லையில் அது 160 பவுண் பொதி. தீர்வையும் வரும், வற்றும் இரண்டாம் தடவை கேட்கப்படும். வெளிநாட்டில் ஒரு முகவரி எடுத்து, பல கடைச் சாமான்களை அங்கே சேர்த்து ஒரே பெட்டியாக வரவழைக்கும் சேவைகளிலும் இதே சிக்கல்தான். கிலோ கணக்கில் மிச்சம் பிடித்த காசு தீர்வையில் போய்விடும். அதற்காக ஒரே ஓடரைச் செயற்கையாக நான்கு பெட்டியாக உடைத்து ஒரே நாளில் அனுப்பச் சொல்வதும் புத்தியல்ல. ஒரே ஆளிடமிருந்து ஒரே விலாசத்துக்குச் சேர்ந்து வருபவற்றை ஒன்றாகப் பார்க்கச் சுங்கத்துக்கு இடமுண்டு. வெவ்வேறு நாளில் உண்மையாகவே வெவ்வேறு தேவைக்குப் போட்ட ஓடர்கள் தனித்தனியாக வருவதில் ஒரு பிழையும் இல்லை.

வாட்ஸப்பிலும் இன்ஸ்டகிராமிலும் விற்கும் சிறு வியாபாரிகள் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் பெரும்பாலும் இங்கு வற் பதிவு செய்திருப்பதில்லை. 60 பவுண் பிளவுஸ், 15 பவுண் தபால். இணையச் சந்தை வழியாக வாங்கியிருந்தால் 15 பவுண் வற்றோடு நின்றிருக்கும். பதிவில்லாதவரிடம் வாங்கினால் அந்த 15ஐ எல்லையில் கேட்பார்கள், கூடவே 8 பவுண் கையாளும் கட்டணம். சாமான் என்னவாக இருந்தாலும் அந்த 8 பவுண் குறையாது. 10 பவுண் பொருளுக்கு 2 பவுண் வற் கட்ட 8 பவுண் கூலி கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். இப்படிப்பட்டவரிடம் வாங்குவதானால் அடிக்கடி சின்னதாக வாங்காமல், கோட்டுக்குக் கீழே நின்றபடி ஒரே தடவையில் வாங்குவதே கணக்குக்குச் சரி.

கட்டணம் யார் கொண்டுவருகிறார் என்பதைப் பொறுத்து மாறும். 2 கிலோவுக்கு உட்பட்ட சிறு பொதியாக ஊர்த் தபாலில் போட்டால் அது இங்கே றோயல் மெயில் கையில் வரும், 8 பவுண். அதற்கு மேற்பட்ட பார்சலாகவோ விரைவுத் தபாலாகவோ போட்டால் பார்சல்ஃபோர்ஸ் என்ற பார்சல் நிறுவனத்தின் கையில் போகும், அங்கே வழக்கமான கட்டணம் 12 பவுண். தனியார் கூரியர்கள் உங்கள் சார்பில் வரியை முன்கூட்டிக் கட்டியதற்கு ஒரு குறைந்தபட்சத் தொகை அல்லது வரியில் ஒரு வீதம், இரண்டில் எது கூடவோ அதை எடுப்பார்கள். ஆகவே பெரிய தொகை ஓடருக்குக் கூரியர் கூலி வரியோடு சேர்ந்து ஏறும், தபாலின் 8 பவுண் ஏறாது. கூரியரில் வருவதானால் ஓடர் போடும்போதே டி.டி.பி.யா டி.ஏ.பி.யா என்று கடையிடம் கேளுங்கள். முதலாவதில் வரி எல்லாவற்றையும் விற்பவர் கட்டி அனுப்புகிறார், வாசலில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் வாசல்வரை கொண்டுவருவது மட்டும்தான் அவர் பொறுப்பு, மற்றது உங்கள் தலையில். டி.டி.பி. என்றால் அறவிட்ட வரி மதிப்பீடா, மிஞ்சினால் திரும்பி வருமா என்பதையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

அனுப்பும் செலவில் நம்மவருக்கு அதிகம் தெரியாதது கனஅளவு எடை. விரைவுக் கூரியர்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000ஆல் பிரிப்பார்கள். வரும் இலக்கம் தராசின் எடையைவிடக் கூடுதலாக இருந்தால் அதற்குத்தான் காசு. பனையோலைப் பெட்டிகளும் சுளகும் 50, 40, 40 அளவுப் பெட்டியில் வருகின்றன என்று எடுங்கள். தராசில் 3 கிலோ. 80,000ஐ 5000ஆல் பிரித்தால் 16 கிலோ. பதினாறு கிலோவுக்குக் காசு கட்டி மூன்று கிலோவையும் காற்றையும் வரவழைக்கிறோம். இப்படிப்பட்ட சாமானை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கச் சொல்லுங்கள், அல்லது பொதுவாக நிறுத்த எடைக்கே காசு எடுக்கும் சாதாரணத் தபாலில் போடச் சொல்லுங்கள். பித்தளை விளக்கு, அம்மி, புத்தகம் போன்ற சின்ன இடத்தில் கனக்கிற சாமானுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, அங்கே எடைப் படிதான் எதிரி. 2.1 கிலோவை 2.5 ஆக ஏற்றிக் கணக்கிடுவார்கள். கனத்த பட்டுச்சேலை ஒன்று முக்கால் கிலோ வரும். அதைக் கடைக்காரர் அட்டைப் பெட்டியோடு அனுப்பினால் ஒரு படி ஏறிவிடும். பெட்டியை எடுத்துவிட்டு, தண்ணீர் புகாத உறைக்குள் மடித்து வைக்கச் சொன்னால் போதும்.

இனி அன்பளிப்பு. அக்கா அனுப்புகிறார், அம்மா அனுப்புகிறார், அதற்கும் வரியா என்று கேட்பவர்கள் இந்த விதியை முழுவதும் படித்தால் பாதிக் கோபம் குறையும். பிறந்தநாள், திருமண நாள், பண்டிகை போன்ற ஒரு நாளுக்காக, ஒரு தனியாள் வாங்கி இன்னொரு தனியாளுக்குச் சொந்தப் பாவனைக்கு அனுப்பும் பொருள் 39 பவுணுக்குள் இருந்தால் வற் இல்லை. 39ஐத் தாண்டினால் முழுப் பெறுமதிக்கும் வற் உண்டு. 45 பவுண் சேலை, 15 பவுண் தபால் என்றால் 12 பவுண் வற், 8 பவுண் கூலி, 20 பவுண் போய்விடும். 135 வரை தீர்வை இல்லை. அதற்கு மேல் 630 பவுண் வரை அன்பளிப்புக்கு 2.5 வீதம், சில பொருட்களுக்கு அதிலும் குறைவு. மதுவுக்கும் புகையிலைக்கும் இந்தச் சலுகைக் கணக்குகள் பொருந்தாது.

இதில் நல்ல வழி ஒன்று சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒரே பொதியில் நான்கு பேருக்கு நான்கு அன்பளிப்பு வரலாம். ஒவ்வொன்றும் தனியாகச் சுற்றப்பட்டு, பெறுபவரின் பெயர் எழுதப்பட்டு, படிவத்தில் தனித்தனி வரியாக விலையோடு காட்டப்பட்டு, ஒவ்வொன்றும் 39க்குள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் அந்தச் சலுகை உண்டு. 30 பவுண் வீதம் நாலு பேருக்கு 120 பவுண் பொதி, ஒரு சதம் வரி இல்லை. அதே நாலையும் ஒரே பொலித்தீன் பையில் திணித்து "உடுப்பு 120" என்று ஒரே வரியில் எழுதினால் 120க்கும் வற். சுற்றுத்தாளுக்கும் ஐந்து நிமிடத்துக்கும் இவ்வளவு பெறுமதி இருப்பது ஊரில் பொதி கட்டுபவருக்குத் தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும்.

எது அன்பளிப்பு அல்ல என்பதும் தெரிய வேண்டும். நீங்களே காசு கட்டிக் கடையில் ஓடர் போட்டு "கிஃப்ட்" என்று எழுதச் சொன்னால் அது அன்பளிப்பு அல்ல, பொய்ப் பிரகடனம். ஊரில் உள்ள தங்கை கடை இணையத்தளத்தில் வாங்கி நேரே உங்கள் விலாசத்துக்கு அனுப்பச் சொன்னாலும், அனுப்புநர் இடத்தில் கடையின் பெயரும் உள்ளே கடைப் பற்றுச்சீட்டும் இருப்பதால் சலுகை கைநழுவும். கடையிலிருந்து தங்கை வீட்டுக்குப் போய், தங்கை சுற்றித் தன் பெயரில் தபாலில் போட்டால்தான் கணக்குச் சரி.

படிவத்துக்கு வருவோம், வழக்குகளில் பாதி அங்கேதான் பிறக்கின்றன. பொதியில் ஒட்டும் சுங்கப் படிவம் சிறிய பெறுமதிக்கு சி.என்.22, அதற்கு மேல் சி.என்.23. ஊர்த் தபால் கந்தோரில் வரிசை நீளம், எழுத்தர் அவசரப்படுத்துகிறார், அனுப்புபவர் "கிளோத்ஸ், 5000" என்று கிறுக்கிவிட்டு வருகிறார். 5000 எது? இலங்கை ரூபாயானால் பன்னிரண்டு பவுண் அளவு. இந்திய ரூபாயென்று வாசித்தால் நாற்பதைத் தாண்டும். 39 பவுண் கோட்டின் இரண்டு பக்கமும் இந்த ஒரு சொல்லில் கிடக்கிறது. பவுணென்றே எடுத்தால் பொதி தடுத்து வைக்கப்படும். நாணயத்தை மூன்றெழுத்தில், எல்.கே.ஆர். அல்லது ஐ.என்.ஆர். என்று எழுத வேண்டும். "கிளோத்ஸ்" என்பதும் போதாது. "பெண்கள் பருத்தி உடுப்பு, புதியது, 1" என்று ஆங்கிலத்தில் எழுத வேண்டும், முடிந்தால் பொருளின் வகையைக் காட்டும் ஆறிலக்க எச்.எஸ். குறியீட்டோடு. அன்பளிப்பா, விற்பனைப் பொருளா, திருப்பி அனுப்பும் பொருளா என்ற கட்டங்களில் ஒன்றில் மட்டும் சரி அடையாளம். அன்பளிப்புக் கட்டத்தில் அடையாளமிட்டு உள்ளே கடைப் பில்லையும் வைத்தால் அதிகாரி பில்லைத்தான் நம்புவார்.

பிள்ளைகளின் உடுப்பானால் விபரத்தில் வயதையும் எழுதச் சொல்லுங்கள். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கென்று தைத்த உடுப்புக்கு இங்கே வற் பூச்சியம். "டிரெஸ்" என்று மட்டும் இருந்தால் பெரியவருடைய உடுப்பாக எடுத்து 20 வீதம் போட்டுவிடுவார்கள். புத்தகங்களுக்குத் தீர்வையும் பூச்சியம், வற்றும் பூச்சியம். சென்னைப் புத்தகக் கண்காட்சியில் 200 பவுணுக்கு வாங்கித் தபாலில் போட்டாலும் வரி இல்லை. ஆனால் அதே பெட்டிக்குள் ஒரு சேலையை மடித்து வைத்தால் பெட்டியின் பெறுமதி முழுவதும் கோட்டைத் தாண்டி, அந்தச் சேலைக்குத் தீர்வை, வற், கூலி எல்லாம் வந்து சேரும். புத்தகம் தனியே வரட்டும். அரிசி, மசாலாத் தூள் போன்ற சமையல் சாமானுக்கும் வற் பூச்சியம், சொக்லேட், ரொபி போன்றவற்றுக்கு அப்படியல்ல. இறைச்சி, நெய் முதலான பாற்பொருட்களைத் தபாலில் வரவழைக்கவே கூடாது. வரிக் கதைக்கே போகாமல் பறிமுதலாகிவிடும்.

விலையைக் குறைத்து எழுதச் சொல்வது பற்றி ஒரு வார்த்தை. கடைக்காரரே "பத்து டொலர் போடட்டா?" என்று கேட்பார். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். பொதி தொலைந்தால் இழப்பீடு படிவத்தில் எழுதிய பத்து டொலரை வைத்தே. பெட்டியைத் திறந்து பார்த்து உண்மை விலை தெரிந்தால் பொருளே பறிபோகலாம். அப்படிப் பறிமுதல் அறிவித்தல் வந்தால் அதை எதிர்க்க ஒரு மாத அவகாசம்தான்.

தீர்வை அளவு பொருள் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது என்று நினைப்பதும் பிழை. எங்கே செய்யப்பட்டது என்பதைப் பொறுத்தது அது. பாரிஸ் லா சப்பலில் வாங்கிய உடுப்பு பிரான்சிலிருந்து வருவதால் தீர்வை இல்லை என்று நம்புகிறவர்கள் பலர். ஐரோப்பிய ஒன்றியத்துடனான ஒப்பந்தம் அங்கு உற்பத்தியானவற்றுக்குத்தான் பூச்சியத் தீர்வை தருகிறது. இந்தியாவில் தைத்து லா சப்பலில் விற்றது இந்தியப் பொருளே, 135ஐத் தாண்டினால் தீர்வை உண்டு. இலங்கைக்கு 2023 ஜூன் 19இல் தொடங்கிய வளர்முக நாடுகளுக்கான வர்த்தகத் திட்டத்தின் "மேம்பட்ட சலுகை" என்ற படியில் இடம் இருக்கிறது. அங்கு தயாரான உடுப்புகள் உற்பத்தி விதிகளுக்கு அமைந்தால் தீர்வையின்றி வரலாம். ஆனால் அது தானாகக் கிடைக்காது, விற்பவர் பற்றுச்சீட்டில் உற்பத்தி மூலப் பிரகடனத்தை எழுதியிருக்க வேண்டும். கொழும்பில் விற்ற சீனத் துணிக்கு அந்தச் சலுகை இல்லை. இந்தியாவுடன் 2025 ஜூலை 24இல் கையெழுத்தான ஒப்பந்தத்தையும் சிலர் கடைகளில் பேசுகிறார்கள். எந்த ஒப்பந்தமும் நடைமுறைக்கு வரும் நாளிலிருந்துதான் செல்லும், அதற்கும் மூலச் சான்று வேண்டும். ஓடர் போடும் நாளில் அரசாங்கத்தின் "ட்ரேட் டரிஃப்" இணையப் பக்கத்தில் பொருளின் பெயரைத் தேடி, செய்த நாட்டைத் தெரிவு செய்தால் அன்றைய அளவு தெரியும். துணியாக வருவதற்கும் தைத்த உடுப்பாக வருவதற்கும் அங்கே வேறு வேறு குறியீடு இருப்பதையும் காணலாம்.

அட்டை வந்துவிட்டது, தொகை பிழை என்று தெரிகிறது. என்ன செய்வது? பொதியை மறுத்து வாசலில் சண்டை பிடிப்பதால் பயனில்லை. சுமார் மூன்று கிழமை வைத்திருந்துவிட்டு அனுப்பியவருக்கே திருப்பி விடுவார்கள். காசைக் கட்டிப் பொதியை எடுங்கள், பிறகு கேளுங்கள். பொதியைப் பிரிக்குமுன் மேலுறையின் நாலு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். சுங்கக் கட்டண லேபிளும் ஊர்ப் படிவமும் அதில்தான் ஒட்டியிருக்கின்றன, அதைக் கிழித்துக் குப்பையில் போட்ட பிறகு நிரூபிக்க ஒன்றும் இல்லை. றோயல் மெயில், பார்சல்ஃபோர்ஸ் வழி வந்தவற்றுக்கு பி.ஓ.ஆர்.286 என்ற படிவம், கூரியர் வழி வந்தவற்றுக்கு சி285. பற்றுச்சீட்டு, லேபிள், கட்டிய சான்று மூன்றும் வேண்டும். கூடுதலாக அறவிட்டதைக் கேட்க மூன்று ஆண்டு அவகாசம். பழுதென்று பொருளைத் திருப்பி அனுப்பியிருந்தால் ஓராண்டு. கடையில் ஏற்கெனவே வற் கட்டியும் எல்லையில் மறுபடி கேட்டிருந்தால், விற்பவரின் வற் இலக்கம் பொதியின் மின்தரவில் சேர்க்கப்படாமல் போயிருக்கலாம். அந்த இலக்கம் அச்சிட்ட பற்றுச்சீட்டை முதலில் கடையிடமிருந்து எடுங்கள்.

திருப்பி அனுப்பும்போது படிவத்தில் "திருப்பி அனுப்பும் பொருள்" என்ற கட்டத்தில் அடையாளமிடாவிட்டால் அந்த நாட்டுச் சுங்கம் கடைக்காரரிடம் தீர்வை கேட்கும், அவர் அதை உங்கள் காசில் கழிப்பார். அளவு சரியில்லை என்று மாற்றிக் கேட்டால், மாற்றாக வருவது புதிய இறக்குமதி, அதற்கு மறுபடி வரி. முதல் வரியை மீளக் கேட்பது உங்கள் வேலை, யாரும் தானாகத் தரமாட்டார்கள்.

கைத்தொலைபேசிக்கு வரும் "2.99 பவுண் கட்டினால் பொதி வரும்" என்ற செய்திகளில் உள்ள இணைப்பை அழுத்த வேண்டாம். நிறுவனத்தின் தளத்தை நீங்களே தட்டச்சுச் செய்து, அட்டையில் உள்ள இலக்கத்தை அங்கே போட்டுப் பாருங்கள். பொய்ச் செய்தியை 7726க்கு இலவசமாக அனுப்பிவிடலாம்.

கிலோவுக்கு இவ்வளவு, வரி எல்லாம் அடக்கம் என்று ஊரிலிருந்து சாமான் கொண்டுவரும் முகவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: சுங்கப் பிரகடனம் யார் பெயரில்? பலருடைய சாமானை ஒன்றாக்கித் தன் பெயரில் பதிவு செய்கிறவரானால் உங்கள் பொருளுக்கு வரி கட்டியதற்கு உங்களிடம் சான்று இருக்காது. பழுதானாலும் தொலைந்தாலும் மீளக் கேட்க வழியில்லை. மலிவுதான், அந்த மலிவின் விலை அது.

இந்தக் கணக்குகள் நிலையாக இருக்கப் போவதுமில்லை. 135 பவுண் வரை தீர்வை இல்லை என்ற சலுகையை 2029 மார்ச்சுக்குள் நீக்குவதாக 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் பிரித்தானிய அரசு அறிவித்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியமோ 150 யூரோவுக்கு உட்பட்ட பொதிகளில் ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் 3 யூரோத் தீர்வையை 2026 ஜூலை 1 முதல் அறவிட முடிவெடுத்தது. இங்கிருந்து பாரிசுக்கும் ஜேர்மனிக்கும் சாமான் அனுப்பும் நம் கடைக்காரர்கள் தங்கள் விலைப்பட்டியலைத் திருத்த வேண்டியிருக்கும்.

ஆகவே ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். வெளிநாட்டுக் கடைகளின் விளம்பரத்தை வாங்கும்போது மூன்று விபரங்களை அதில் அச்சிடச் சொல்லுங்கள்: காட்டிய விலையில் பிரித்தானிய வற் அடக்கமா, அடக்கமென்றால் பதிவு இலக்கம் என்ன, 135ஐத் தாண்டும் ஓடருக்கு வாசலில் வரி கட்டுவது யார். இப்போது அந்த விளம்பரங்களில் தொலைபேசி இலக்கம் இருக்கிறது, சாமி படம் இருக்கிறது, இந்த மூன்றும் இல்லை.

இப்படிக்கு,
பொதி அனுமதிப் பணியில் உள்ள வாசகர்,
லண்டன்.